மதுரையின் இன்னொரு மொழி

மதுரையில் சௌராஷ்டிரர் வீட்டுப் பூஜையறையில் பழைய பஜனைப் பாட்டுப் புத்தகம் ஒன்று அநேகமாக இருக்கும். வாங்கிப் பிரித்துப் பாருங்கள். எழுத்து தமிழ்தான். வாசிக்கப் போனால் வரிக்கு வரி தடுக்கும். ஒரு ‘க’வின் தோளில் பொடியாக 2 என்று இருக்கும். அடுத்த வார்த்தையில் 3, அதற்கடுத்ததில் 4. சில இடங்களில் ‘ம’, ‘ந’, ‘ல’ பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளிகள். வடமொழி சுலோகப் புத்தகங்களில் பழகியவர்களுக்கு அந்த எண்கள் விளங்கிவிடும். தமிழில் ஒரே ‘க’ வேலை பார்க்கிற இடத்தில் அங்கே நான்கு தனித்தனி ஒலிகள். எது எதுவென்று எண் சொல்கிறது. அந்த இரண்டு புள்ளி மட்டும் சௌராஷ்டிரத்துக்கே உரியது. மெல்லினத்தோடும் ர, ல ஒலிகளோடும் ஒரு ‘ஹ’ மூச்சு கலந்து வருவதை அது காட்டுகிறது.

இந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து, படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சாக மாற்றித் தரும் செயலியிடம் கொடுத்தால், பொடி எண்களைத் தூசி என்று அது தள்ளிவிடக்கூடும்; இல்லையென்றால் வார்த்தைக்கு நடுவே பெரிய எண்ணாகத் திணித்துவிடும். நான்கு ககரமும் ஒன்றாகிப்போன அந்தப் பாட்டை, ஏற்கெனவே பாடத் தெரிந்தவர் மட்டும்தான் பாட முடியும். புதிதாக ஒருவர் அதிலிருந்து கற்றுக்கொள்ள வழியில்லை.

சிறுபான்மைச் சமூகங்களின் பண்பாட்டுச் சொத்துகளைக் கணினியில் ஏற்றிக் காப்பது பற்றிப் பேச்சு வந்தாலே நம் மனதில் வருவது ஸ்கேனரும் கேமராவும்தான். படம் பிடிப்பது பாதி வேலைகூட இல்லை என்பது, ஒரே ஒரு பழைய நோட்டை எடுத்து முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, “இது என்ன, யார் எழுதினது, எந்த ராகத்துல பாடுவீங்க?” என்று கேட்டு எழுதிக்கொள்ள ஓர் இளையவர் வேண்டும். அந்த இளையவர் ஒரு கல்லூரி மாணவராகவோ மாணவியாகவோ இருப்பதுதான் இயல்பு. மதுரைச் சௌராஷ்டிரம் அந்தப் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறது. ரொம்ப நாள் காத்திருக்க அதனால் முடியாது.

மகாலைச் சுற்றி ஒரு மொழி

திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்கள், பத்துத் தூண் சந்து, காமராஜர் சாலை, நிலையூர் கைத்தறி நகர் என்று மதுரைக்குள்ளும் வெளியிலுமாக இந்த மொழி பேசும் குடும்பங்கள் வாழ்கின்றன. பரமக்குடி, திண்டுக்கல், சேலம், கும்பகோணம் என்று தமிழகமெங்கும் இவர்களின் ஊர்கள் உண்டு. பட்டு நெசவும் சாயமும் இவர்களின் பரம்பரைத் தொழில். பழைய அரசு ஆவணங்கள் பட்டுநூல்காரர் என்று குறிப்பிடுவது இவர்களைத்தான்.

லாட தேசம் என்கிற தெற்குக் குஜராத்திலிருந்து பட்டு நெசவாளர் குழு ஒன்று தசபுரம் என்கிற மந்தசோருக்குக் குடிபெயர்ந்து, அங்கே சூரியனுக்குக் கோயில் எழுப்பிய செய்தி கி.பி. 473ஆம் ஆண்டின் மந்தசோர் கல்வெட்டில் இருக்கிறது. தங்கள் முன்னோரின் பயணத்துக்கு முதல் சான்றாக இந்தச் சமூகத்தின் வரலாற்றை எழுதியவர்கள் அதைத்தான் காட்டுகிறார்கள். அங்கிருந்து தேவகிரி, விஜயநகரம் வழியாக நாயக்கர்களின் மதுரைக்கு வந்தார்கள். வழியெல்லாம் மராத்தி, கன்னடம், தெலுங்கு என்று ஒட்டிக்கொண்ட சொற்களோடு, அடியில் ஓர் இந்தோ-ஆரிய மொழி உடைபடாமல் வந்து சேர்ந்தது. 1704-05 வாக்கில், இவர்கள் ஆவணி அவிட்டச் சடங்கு செய்வதை எதிர்த்து வழக்கு எழுந்தபோது, ராணி மங்கம்மாள் சாஸ்திரிகளைக் கூட்டி விசாரித்து, அந்த உரிமை உண்டு என்று ஓலையில் சாசனம் கொடுத்தார். மதுரை வரலாற்றில் இவர்களுக்கு எழுத்துபூர்வமாக ஓர் இடம் கிடைத்து 300 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

இவர்கள் தந்தவர்களைத் தமிழ்நாடு நன்றாகவே அறியும். டி.எம். சௌந்தரராஜனின் குரலைக் கேட்காத தமிழர் இருக்க மாட்டார். ‘மதுரை காந்தி’ என்று ஊர் அழைத்த என்.எம்.ஆர். சுப்பராமன் இந்தச் சமூகத்தவர். கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர் வாழ்வை ‘வேள்வித் தீ’யில் எழுதிய எம்.வி. வெங்கட்ராம், ‘காதுகள்’ நாவலுக்காக 1993இல் சாகித்ய அகாடமி விருது பெற்றார். ஆனால் இவர்கள் புகழ்பெற்றதெல்லாம் தமிழில். சௌராஷ்டிர மொழியிலேயே பாடியவர் நடனகோபால நாயகி சுவாமிகள். 1843இல் மதுரையில் பிறந்து, 1914இல் மறைந்தவர். அழகர்கோவில் போகும் வழியில் காதக்கிணற்றில் அவருடைய சமாதி இருக்கிறது. பஜனை மடங்களில் இன்றும் அவர் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். பாடுகிறவர்கள் பலருக்கும் அந்தப் பாட்டு, நான் முதலில் சொன்ன எண்ணும் புள்ளியும் கொண்ட தமிழ் எழுத்துப் புத்தகம் வழியாகத்தான் வருகிறது.

இந்த மொழிக்குச் சொந்த எழுத்து இல்லாமல் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த எழுத்தைச் சீர்திருத்தி, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி எழுதும் கூட்டெழுத்துகளைக் குறைத்து, அச்சுக்கு ஏற்றதாக ஆக்கினார்கள். டி.எம். ராமராய் என்ற ஒரு மனிதர் 1900களின் முதல் பத்தாண்டில் அந்த எழுத்தில் இலக்கணம், பாடநூல், சொற்கோவை என்று அடுத்தடுத்து அச்சிட்டார். அந்தக் காலத்தில் ஒரு புது எழுத்துக்கு ஈயத்தில் அச்சு வார்ப்பது என்றால் எவ்வளவு பணம், எவ்வளவு பிடிவாதம் வேண்டியிருந்திருக்கும்! ஆனால் பள்ளிக்கூடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடந்தது. வீட்டில் பேச்சு, வெளியில் தமிழ் என்று வாழ்க்கை பிரிந்தது. எழுத்து சிலருடைய கையோடு நின்றுவிட்டது.

ராமராயின் அந்த நூல்கள் லண்டனில் இந்தியா ஆபீஸ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே நூலகராக இருந்த எச்.என். ராண்டில் 1940களில் இந்த மொழியைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். குஜராத்திலிருந்து ஐ.ஆர். தவே எழுதிய ஆய்வு நூலை ராஜ்கோட் சௌராஷ்டிரப் பல்கலைக்கழகம் 1976இல் வெளியிட்டது. ஜப்பானியரான நோரிஹிகோ உச்சிதா இவர்களின் வாய்மொழி இலக்கியத்தைத் தொகுத்து 1979இல் நூலாக்கினார். அவருடைய சௌராஷ்டிர-ஆங்கில அகராதி 1990இல் ஜெர்மனியில் அச்சானது. இந்த மூவருக்கும் மதுரை கடன்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு பாட்டியின் தாலாட்டைப் பதிவுசெய்ய ஜப்பானிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. இத்தனைக்கும் 1967 முதல் மதுரைக்குப் பக்கத்திலேயே, விளாச்சேரிச் சாலையில், சௌராஷ்டிரக் கல்லூரி இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிறார்கள், பாட்டிகளும் இருக்கிறார்கள்.

சல்லடையில் தங்காத மொழி

அரசாங்கம் என்ன செய்கிறது என்ற கேள்வி வரும். கேட்க வேண்டிய கேள்விதான். அரசின் ஒவ்வொரு திட்டத்திலும் சௌராஷ்டிரம் ஓர் ஓட்டை வழியாகக் கீழே விழுந்துவிடுகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 2,47,702 பேர். சமூகத்தார் சொல்லும் கணக்கு இதைவிடப் பல மடங்கு. அந்த 2,47,702 பேரும்கூட, மொழிகளின் இறுதிப் பட்டியலில் குஜராத்தியின் கீழே அடக்கப்பட்டுவிட்டார்கள். மதுரைச் சௌராஷ்டிரத்தில் நடக்கும் ஒரு வீட்டுப் பேச்சை அகமதாபாத்வாசி ஒருவர் கேட்டால் ஒருசில சொற்களைப் பிடித்துக்கொள்வார். பேச்சைப் பின்தொடர அவரால் முடியாது. இருந்தும் தேசியக் கணக்கில் இது தனி மொழியாக நிற்பதில்லை.

அழியும் நிலையிலுள்ள மொழிகளை ஆவணப்படுத்த மைசூரு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மூலம் 2013இல் ஒரு திட்டம் வந்தது. பேசுவோர் 10,000க்கும் குறைவாக உள்ள மொழிகளுக்கானது அது. இரண்டரை லட்சம் பேர் பேசும் சௌராஷ்டிரத்துக்கு அதில் இடமில்லை. வீட்டுப் பிள்ளைகள் பாட்டியிடம் சௌராஷ்டிரத்தில் கேட்டதற்குத் தமிழில் பதில் சொல்கிறார்களா என்பதை எந்தக் கணக்கெடுப்பாளரும் குறிப்பதில்லை.

மூன்றாவது ஓட்டை இன்னும் நுணுக்கமானது. 2003இல் தொடங்கிய தேசியச் சுவடிகள் இயக்கம், கையெழுத்துப் பிரதி என்று எதைச் சொல்லலாம் என்பதற்கு ஒரு வரையறை வைத்தது. குறைந்தது 75 ஆண்டு பழமை வேண்டும். 2025-26 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட ஞான பாரதம் இயக்கம் ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துக் காக்கும் என்கிறார்கள். நல்ல விஷயம். ஓலைச்சுவடிக்கு அது உதவும். 1970இல் ஒரு அம்மாள் கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்த கல்யாணப் பாட்டு அதற்குள் வராது. ஒரு வாய்மொழிப் பண்பாட்டில் அதிகம் தங்கியிருப்பது அப்படிப்பட்ட நோட்டில்தான்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மாபெரும் தன்னார்வ முயற்சிக்குப் பெயர் ‘மதுரைத் திட்டம்’. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் தொடங்கிவைத்தது. உலகெங்குமிருந்த தமிழர்கள் வேலை முடிந்து வீடு திரும்பியபின் ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்து சங்கப் பாட்டிலிருந்து சிறுகதை வரை ஏற்றினார்கள். எந்த அரசாங்கமும் ஆணை போடவில்லை. அதே மதுரையின் பெயரை, அதே மதுரையில் பேசப்படும் இன்னொரு மொழிக்காகவும் சில நூறு மாணவர்களால் எடுத்துக்கொள்ள முடியும்.

மாணவர்கள் இதைச் செய்ததற்குத் தென் தமிழகத்தில் முன்னுதாரணம் உண்டு. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திய நா. வானமாமலை, தன்னிடம் படித்தவர்களையும் நண்பர்களையும் ஊர்களுக்கு அனுப்பி நாட்டுப் பாடல்களைச் சேகரித்தார். கையில் இருந்ததெல்லாம் நோட்டும் பேனாவும். அவர் பதிப்பித்த கதைப்பாடல்களை மதுரைப் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்டது. மதுரையை ஆண்டு, 1764இல் தூக்கிலிடப்பட்டு, சம்மட்டிபுரத்தில் அடக்கமான கான்சாகிபின் சண்டைப் பாட்டு அவற்றில் ஒன்று. பாடகர்களின் வாயோடு போயிருக்க வேண்டிய பாட்டு அது. பின்னால் அதே பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை, களப்பணியையே மாணவர்களின் படிப்பாக்கியது. கடலுக்கு அப்பால், 2005இல் இலங்கையில் சில இளைஞர்கள் ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து 97,000 நூல்கள் போன நாட்டில், அது இன்று நூல்களோடு மலையகத்தார், முஸ்லிம்கள் எனப் பல சமூகங்களின் இதழ்களையும் நேர்காணல்களையும் ஆவணங்களையும் காத்து வைத்திருக்கிறது.

ஒரு நோட்டைக் காப்பது எப்படி

வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இதைச் சொல்லாமல் மாணவர்களை அழைப்பதில் பயனில்லை.

வீட்டிலிருந்து ஒரு நோட்டு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லை, ஓரம் கரையான் அரித்திருக்கிறது. முதலில் மென்மையான தூரிகையால் தூசியைத் தட்ட வேண்டும். ஈரத்துணி கூடாது, மை ஊறிவிடும். ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடத்தில் கறுப்புத் துணி விரித்து, நோட்டுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலும் நிற அட்டையும் வைத்து, கேமராவைத் தாங்கியில் செங்குத்தாகக் கீழ்நோக்கிப் பொருத்த வேண்டும். கையில் பிடித்து எடுத்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வெற்றுப் பக்கத்தையும் விடக் கூடாது. பின்னட்டையில் பால்காரர் கணக்கு எழுதியிருந்தால் அதையும் எடுக்க வேண்டும். பாட்டு எந்த ஆண்டு எழுதப்பட்டது என்பதற்குப் பால் விலைதான் சான்றாக இருக்கும். மூலப்படத்தைச் சுருக்காமல் வைத்துக்கொண்டு, பார்வைக்கு வேறு நகல் எடுக்க வேண்டும். ஒரு வன்தட்டு போதாது. மூன்று நகல், அதில் ஒன்று வேறு கட்டடத்தில்.

ஓலை என்றால் இன்னும் பொறுமை வேண்டும். கட்டை அவிழ்க்கும்போது ஏடுகளின் வரிசை மாறக் கூடாது. வறண்ட ஏட்டுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினால் கொஞ்சம் வளையும். எழுத்தின் கீறலில் கரி தடவித் துடைத்தால்தான் கேமராவுக்கு எழுத்து தெரியும். இதையெல்லாம் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இல்லாமல் மாணவர்கள் தொடக் கூடாது. ஆர்வத்தால் உடைந்த ஏடுகளும் உண்டு.

இத்தனையும் சில நாட்களில் கற்றுக்கொள்ளக் கூடியவை. இதற்குப் பிறகுதான் கடினமான பகுதி வருகிறது. ‘படம் 0047’ என்று கணினியில் கிடக்கும் பக்கத்துக்கு ஒரு விவரக்குறிப்பு வேண்டும். யார் எழுதியது, எந்தத் தெரு, எந்த மொழி, எந்த எழுத்து. பாட்டு யாருக்காக: கல்யாணத்துக்கா, வளைகாப்புக்கா, பஜனைக்கா? ஒரே நோட்டில் மூன்று எழுத்து இருக்கக்கூடும். தலைப்பு தெலுங்கு எழுத்தில், பாட்டு எண் போட்ட தமிழில், ஓரக்குறிப்பு சௌராஷ்டிர எழுத்தில். ஒரு குழுப் புகைப்படம் கிடைத்தால், நிற்பவர்கள் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருடைய பெயரும், அட்டையில் அழுந்தியிருக்கும் ஸ்டுடியோவின் முத்திரையும் வேண்டும். இவற்றைச் சொல்லக்கூடியவர் 80 வயதில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மதியம் தூக்கம் வரும். ஒரே மூச்சில் எல்லாம் ஞாபகம் வராது. நான்கு முறை போக வேண்டும். நான்காவது முறை, கேட்காததையும் சொல்வார்.

அப்படிச் சொல்லும்போது ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பாட்டை அவர் பாடி, அந்தப் பதிவு நோட்டின் படத்தோடு சேர்ந்திருந்தால்தான் ‘க’வின் தலையிலுள்ள 3க்கும் 4க்கும் வித்தியாசம் நாளைக்கு ஒருவருக்குக் காதில் விழும். கண்ணுக்குக் காட்டும் படமும் காதுக்குக் கேட்கும் குரலும் ஒரே கோப்பில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்லத் தயார். நம்மூரில் நடந்த பல மின்னாக்க முயற்சிகள் கோட்டைவிட்டது இதைத்தான்.

தட்டச்சுக்கு வருவோம். சௌராஷ்டிர எழுத்துக்குக் கணினியில் இடம் கிடைத்தது 2008 ஏப்ரலில். அந்த மாதம் வெளிவந்த யூனிகோடு 5.1 பதிப்பில் 81 குறிகளோடு அது சேர்க்கப்பட்டது. முதலில் சொன்ன ‘ஹ’ மூச்சுக்கும் ‘ஹாரு’ என்ற பெயரில் தனிக் குறி கிடைத்தது. 2016இல் சந்திரபிந்து என்ற குறியும் சேர்ந்து 82 ஆனது. கூகுளின் நோட்டோ வரிசையில் இலவச எழுத்துரு இருக்கிறது. ஓர் எழுத்திலிருந்து இன்னோர் எழுத்துக்கு மாற்றும் அக்ஷரமுகா மென்கருவி சௌராஷ்டிரத்தையும் ஏற்கிறது. ஆக, கருவி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஒரு மாணவி பாட்டைச் சௌராஷ்டிர எழுத்தில் ஒருமுறை சரியாகத் தட்டச்சு செய்துவிட்டால், எண் போட்ட தமிழிலும் தேவநாகரியிலும் அதை மாற்றிக்கொள்ளலாம், தேடவும் முடியும். இதற்கு அவர் அந்த எழுத்தைக் கற்க வேண்டும். கணினியும் தாய்மொழியும் சேர்ந்து தெரிந்த 20 வயதுப் பெண் ஒருவர் ஒரு விடுமுறையில் கற்றுக்கொள்ளக் கூடியதுதான். வீட்டில் பேசும் மொழி என்பதால் பொருள் ஏற்கெனவே தெரியும். உருவம் மட்டும்தான் புதிது.

சமூகத்தின் அமைப்பான சௌராஷ்டிர சபையில் இருப்பவை வேறு வகை. தியாகராஜரிடம் பல ஆண்டுகள் சீடராக இருந்த வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் ஒரு சௌராஷ்டிரர். 1781இல் தஞ்சைப் பக்கம் அய்யம்பேட்டையில் பிறந்தவர். குருவின் கீர்த்தனைகளை எழுதி வைத்தார். அவரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் தியாகராஜரின் வாழ்க்கையையும் எழுதினார்கள். அந்த வாலாஜாபேட்டைச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையிடம் வந்து சேர்ந்தன. கர்நாடக இசை ஆய்வாளர்கள் தியாகராஜரைப் பற்றி எழுதும்போதெல்லாம் திரும்பி வரும் இடம் அது. யோசித்துப் பாருங்கள். சென்னை மார்கழி மேடைகளில் பாடப்படும் கீர்த்தனைகளின் பழைய எழுத்துச் சான்று, ஒரு மொழிச் சிறுபான்மைச் சமூகத்தின் கையால் எழுதப்பட்டு, அவர்களுடைய சபையின் காவலில் மதுரைக்கு வந்தது. அந்த ஏடுகளைப் படிக்கத் தெலுங்கு எழுத்தும் சங்கீதமும் தெரிய வேண்டும். இசைக் கல்லூரி மாணவர்களும் தெலுங்கு படிக்கும் மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் விவரக்குறிப்பு எழுத முடியும். ஒரு துறையால் ஆகாது.

எழுதாமல் கையில் மட்டும் இருப்பதையும் மறக்கக் கூடாது. சுங்குடிச் சேலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நகத்தால் துணியைக் கிள்ளி எடுத்து, நூலை இறுக்கிச் சுற்றி, முடிச்சு முடிச்சாக ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் போட்டுச் சாயத்தில் முக்குவது பழைய முறை. பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் செய்த வேலை. கடைகளில் இன்று கிடைப்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சும் திரை அச்சும்தான். முடிச்சுப் போடும் விரலைத் தோளுக்குப் பின்னாலிருந்து, செய்பவரின் கண் பார்க்கும் கோணத்திலேயே வீடியோ எடுக்க வேண்டும். எதிரே நின்று எடுத்தால் வலது இடதாகிவிடும். பார்த்துக் கற்க முடியாது. தறியும் அப்படித்தான். பாவு, ஊடை, நாடா, அச்சு, விழுது, படைமரம் என்று தமிழில் நாம் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் சௌராஷ்டிர வீட்டில் தனிப் பேச்சு உண்டு. தறி ஓடும் சத்தத்துக்கு நடுவே மட்டும் புழங்கும் சொற்கள் அவை. தறி நின்ற வீட்டில் அந்தச் சொற்களும் அடுத்த தலைமுறைக்குத் தேவையில்லாமல் போய்விடுகின்றன.

சக்கிமங்கலமும் அரசரடியும்

சௌராஷ்டிரருக்குச் சபை இருக்கிறது, பள்ளி இருக்கிறது, கல்லூரி இருக்கிறது. மதுரைச் சமவெளியில் அப்படி எதுவும் இல்லாத சமூகங்களும் வாழ்கின்றன. ஊருக்குக் கிழக்கே சக்கிமங்கலத்தில் நரிக்குறவர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களின் வாக்ரிபோலியும் ஓர் இந்தோ-ஆரிய மொழிதான். எழுத்து வழக்கு இல்லை. நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 2023 ஜனவரியில்தான் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் சேர்ந்தார்கள். கேமராவோடு அங்கே போகும் மாணவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அவர்களைப் படம் எடுத்தவர்கள் நிறைய. எடுத்த படத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் குறைவு. மணியும் பாசியுமாக ஒரு முகத்தை எடுத்துப் பரிசு வாங்கிவிட்டுப் போவதற்குப் பெயர் ஆவணமாக்கம் கிடையாது. அங்கே உள்ள பள்ளிப் பிள்ளைகளின் கையிலேயே ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, தங்கள் தாத்தாவிடம் அவர்களே கேட்கும்படி செய்தால் பதிவு வேறு மாதிரி இருக்கும். எந்தப் பாட்டை வெளியில் விடலாம், எது வீட்டோடு இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையும் அவர்களுக்கே.

மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969 முதல் இருக்கிறது. அங்கே ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்ற பெயரில், நாட்டுப்புற மெட்டில் தலித் கிறிஸ்தவ மக்களின் வலியையும் வீம்பையும் பாட்டாக்கியவர். 2005இல் மறைந்தார். அவருடைய பாடல்களை மாணவர்கள் கிராமங்களுக்கு எடுத்துப்போய்ப் பாடினார்கள். கேசட் யுகத்தின் கலை அது. கேசட்டின் காந்த நாடா, பனையோலை தாங்குகிற காலத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. நல்ல நிலையில் ஓடும் பிளேயர்களும் அருகி வருகின்றன. ஓலைச்சுவடி என்றால் பதறும் நாம், வீட்டு அலமாரியில் கிடக்கும் 1980களின் கேசட்டைக் குப்பையில் போடுகிறோம். அவசரத்தின் வரிசைப்படி பார்த்தால் கேசட்டுக்குத்தான் முதலிடம்.

கல்லூரிகள் இந்தப் பதிவு வேலைக்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும். நாட்டுநலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுவதோடு, ஒரு தெருவின் நோட்டுகளையும் புகைப்படங்களையும் பதிவு செய்ய வைக்கலாம். இளங்கலை இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு, எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய அறிக்கைக்குப் பதில், 50 பாட்டுக்கு ஒலியும் படமும் விவரக்குறிப்பும் சேர்த்துத் தரச் சொல்லலாம். தமிழ்த்துறை, கணினித்துறை, இசை, புகைப்படம் எல்லாம் சேர வேண்டிய வேலை. செய்த மாணவரின் பெயர் ஒவ்வொரு பதிவிலும் இருக்க வேண்டும். பாடியவரின் பெயர் அதற்கு மேலே. மூல நோட்டு எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும். பல வீடுகளில் முன்பொருமுறை யாரோ ‘ஆராய்ச்சிக்கு’ என்று வாங்கிப்போனது திரும்பி வராத வருத்தம் இருக்கிறது. அதற்குப் பரிகாரம், கொடுத்த அன்றே திருப்பித் தருவதுதான்.

2023 ஏப்ரலில் சௌராஷ்டிர-தமிழ்ச் சங்கமம் நடந்தபோது, மதுரையிலிருந்து சிறப்பு ரயில் சோமநாதத்துக்குப் போனது. மூதாதையர் மண் என்று நம்பும் இடத்தைப் பார்த்துப் பலர் கண்கலங்கினார்கள். அந்த உணர்ச்சி உண்மையானது. அதே அளவு பணமும் நாட்களும் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களுக்குள் செலவானால் என்னவெல்லாம் கிடைக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கிறேன்.

வருகிற கோடை விடுமுறையில் ஒரு கல்லூரி இதைத் தொடங்குவதாக இருந்தால், ஸ்கேனர் வாங்க விண்ணப்பம் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சௌராஷ்டிர எழுத்தைச் சரளமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் மதுரையில் யார் யார், எந்தத் தெருவில், என்ன வயதில் இருக்கிறார்கள். நாயகி சுவாமிகள் கீர்த்தனைகளைப் புத்தகம் இல்லாமல் பாடக்கூடியவர்கள் யார். சுங்குடி முடிச்சுப் போடும் பெண்கள் எத்தனை பேர் மிச்சம். இந்தப் பட்டியலை வயது வரிசையில், மூத்தவர் முதலில் வருமாறு எழுத வேண்டும். முதல் பெயருக்குரியவர் வீட்டுக்கு அந்த வாரமே இரண்டு மாணவர்கள் போக வேண்டும், ஒருவர் மொழி தெரிந்தவராக.